அலைத்தடப் பங்கீடும் அதற்கான தமிழும்

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு வண்டியோட்டிச் செல்பவர் எவரும் அலைத்தடப் பங்கீட்டின் பயனை அறியாமலே நுகர்ந்தவராவார். கிள்ளான் பள்ளத்தாக்கில் 96.3இல் ஒலிக்கும் மின்னல் பண்பலையும் 99.3இல் ஒலிக்கும் ராகாவும் வடக்கே செல்லச் செல்ல மங்குகின்றன. சிறிது தொலைவு இரைச்சலாய்க் கேட்டபின் வேறோர் எண்ணில் மீண்டும் தெளிவாகக் கிடைக்கின்றன. நிலையம் ஒன்றாயிருக்க எண் மட்டும் ஏன் மாறவேண்டும்? அடுத்தடுத்த இரு கோபுரங்கள் ஒரே எண்ணில் ஒலிபரப்பினால், இரண்டும் எட்டக்கூடிய இடைப்பட்ட ஊர்களில் ஒன்றை மற்றொன்று கெடுத்துவிடும். எனவே அண்டைக் கோபுரங்களுக்கு வெவ்வேறு எண் தரப்படுகிறது. ஒன்றன் ஒலி மற்றொன்றை எட்டாத தொலைவில் பழைய எண்ணையே மீண்டும் வழங்கலாம்.

வானொலிக் கோபுரம் பேச மட்டுமே செய்யும், கேட்பதில்லை. கண்ணிவலை எனப்படும் கம்பியில்லா வலையமைப்பில் நிலைமை வேறு. அங்கு ஒவ்வொரு நிலையமும் பேசும், கேட்கும், பிறர் செய்தியை வாங்கி அடுத்தவருக்குக் கடத்தவும் செய்யும். பூச்சோங்கில் ஒரு கூரைமேல் உள்ள கருவி கிள்ளானில் உள்ள கருவியை நேரே எட்டமுடியாவிட்டாலும், இடையிலுள்ள நான்கைந்து கூரைகள் வழியே எட்டும். ஒரு கூரை பழுதுபட்டால் செய்தி வேறு வழியில் சுற்றிச் செல்லும். பெர்லின் நகரிலும் ஸ்பெயினின் கத்தலோனியாவிலும் பொதுமக்களே இத்தகைய வலைகளைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகின்றனர்.

நமக்கு இதனால் என்ன என்று கேட்பவர், 2021 டிசம்பர் 18ஆம் நாளை நினைவுகூர்தல் வேண்டும். அன்றைய பெருமழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைமேல் ஏறி நின்றவர்கள் பலர். மின்சாரம் நின்ற வீடுகளில் கைப்பேசிகள் ஒவ்வொன்றாய் அடங்கின. அத்தகைய நாளில் அண்டை வட்டாரங்களைத் தமக்குள் பேசவைக்கும் ஒரு துணைவலை, மின்கலத்திலோ சூரிய ஒளியிலோ இயங்கக்கூடியது, உயிர்காக்கும் பொருளாகும். ஆனால் வெள்ளம் வந்தபின் அதனைத் திட்டமிட இயலாது. எந்தக் கூரை எந்தத் தடத்தில் பேசவேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

முதலில் சொற்களைச் சீர்செய்து கொள்வோம். மொழியியலார் வேறு எங்கே தொடங்குவர் என்று நகைப்பவர் நகைக்கலாம். ஆயினும் இவ்விடத்தில் சொற்குழப்பம் பொருட்குழப்பமாகவே முடிகிறது. 'அலைவரிசை' என்னும் சொல்லை நாம் மூன்று பொருளில் வழங்குகிறோம். தொலைக்காட்சி நிலையம் ஓர் அலைவரிசை, 96.3 என்னும் எண்ணும் அலைவரிசை. சிற்றலை, மத்திய அலை போன்ற பெரும்பிரிவும் அலைவரிசை. ஒரு மாணவரிடம் "அலைவரிசையை மாற்று" என்றால் அவர் எதனை மாற்றுவார்? ஓர் அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்னும் அளவு அதிர்வெண். இலங்கைப் பாடநூல்கள் இதனை மீடிறன் என்கின்றன. அதிர்வெண்கள் முழுவதையும் ஒரு நிலப்பரப்பாகக் கண்டால் அதற்கு அலைக்கற்றை என்று பெயர். இந்திய நாளேடுகள் இரண்டாம் தலைமுறைக் கைப்பேசி ஒதுக்கீட்டு விவகாரத்தின்போது இச்சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தன. அந்நிலப்பரப்பில் ஒரு பணிக்கென ஒதுக்கிய வயலைப் பட்டை எனலாம். பட்டைக்குள் வரப்பிட்டுப் பிரித்த பாத்தி, தடம். இக்கட்டுரையில் இந்நான்கையும் இவ்வாறே கையாள்கிறேன். 'அலைவரிசை' நிலையத்தைக் குறிக்கும் சொல்லாகவே இருந்துவிட்டுப் போகட்டும். மக்கள் நாவில் படிந்த சொல்லைப் பிடுங்குவது மொழித்தொண்டு ஆகாது.

இனி வயலுக்குள் இறங்குவோம். அருகலை என்று நாம் எழுதியும் வைஃபை என்று சொல்லியும் வரும் நுட்பத்துக்குரிய பழைய பட்டை 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையாகும். அதில் 1 முதல் 13 வரை தடங்கள் எண்ணிடப்பட்டுள்ளன. முதல் தடத்தின் நடு 2412 மெகாஹெர்ட்ஸ். அடுத்தடுத்த தடங்களின் நடுப்புள்ளிகள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைகின்றன. ஆனால் ஒரு கருவி பேசும்போது ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே 13 தடம் என்பது பெயரளவில்தான். ஐந்தடி இடைவெளியில் நாற்காலி போட்டு, இருபதடி அகலமுள்ளவர்களை அவற்றில் உட்காரவைத்தால் என்ன நேருமோ அதுவே நேரும். ஒருவரையொருவர் இடிக்காமல் அமர மூன்று இடமே தேறும்: 1, 6, 11. நுண்ணலை அடுப்பும் இதே பட்டையில், 2450 மெகாஹெர்ட்ஸ் அருகில், தன் பங்குக்கு இரைகிறது.

பூச்சோங்கின் அடுக்குமாடி வீடு ஒன்றில் கைப்பேசியிலுள்ள அலசு செயலியைத் திறந்தால் இருபது முப்பது வீடுகளின் அருகலைகள் வரிசையாய்த் தெரியும். அவற்றுள் சில 3, 4, 8 போன்ற எண்களில் நிற்பதைக் காணலாம். "எல்லாரும் 1இல் நெருக்குகிறார்கள், 3 காலியாக உள்ளது" என்று எண்ணி அங்கே சென்றவர்கள் அவர்கள். இது நல்லெண்ணத்தில் செய்யும் பிழை. ஒரே தடத்தில் உள்ள கருவிகள் ஒன்றன் பேச்சை மற்றொன்று புரிந்துகொள்கின்றன. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பர். 3இல் இருப்பவரின் பேச்சோ 1இல் இருப்பவருக்கும் 6இல் இருப்பவருக்கும் பாதி மட்டும் எட்டும். பாதி எட்டிய பேச்சு மொழியாகாது, வெறும் இரைச்சல். இரைச்சலுக்கு எவரும் முறை கொடுப்பதில்லை. உரையாடலில் மாந்தர் எவ்வாறு முறைவைத்துப் பேசுகின்றனர் என்பதை சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் 1974இல் மொழியியல் இதழ் ஒன்றில் விளக்கினர். அவர்கள் கண்ட ஒழுங்குக்கு அடிப்படை, கேட்பவர் பேச்சின் முடிவை முன்னுணர முடிவதே. முன்னுணர முடியாத இடத்தில் முறையும் இல்லை.

மலேசியச் சட்டம் இங்கே எந்த அளவுக்கு உதவும்? 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் அலைக்கற்றையை மூவகையாக ஒதுக்குகிறது. அவற்றுள் மூன்றாவதான வகுப்பு ஒதுக்கீட்டின்கீழ், வரையறுத்த ஆற்றலுக்கு உட்பட்ட அருகலைக் கருவிகளைத் தனி உரிமமின்றி எவரும் இயக்கலாம். இது பெரும் விடுதலை. ஆயின் எந்த வீடு எந்தத் தடத்தில் என்று சைபர்ஜெயாவிலிருந்து எந்த அதிகாரியும் வந்து சொல்லமாட்டார். குறுக்கீடு நேர்ந்தால் பாதுகாப்பும் கோரமுடியாது. பங்கீடு அண்டைவீட்டார் ஒப்பந்தமாகி விடுகிறது.

மூன்றே தடம், கூரைகளோ பல. எவ்வாறு பங்கிடுவது? இதற்கான விடை தமிழாசிரியர்களுக்குப் புதிதன்று. நம் நெடுங்கணக்கில் ககரம் ஒன்றே. ஆனால் 'கல்' என்பதில் வரும் ககரமும் 'தங்கம்' என்பதில் வரும் ககரமும் 'பகல்' என்பதில் வரும் ககரமும் ஒலிப்பில் வேறு. மூன்று ஒலிக்கு ஓர் எழுத்து போதியது எப்படி? ஒன்று வரும் சூழலில் மற்றொன்று வருவதில்லை. சொல்முதலில் ஒன்று, மெல்லினத்தை அடுத்து ஒன்று, உயிரிடையே ஒன்று. மொழியியலில் இதனைத் துணைநிலை வழக்கு என்போம். சூழல்கள் சந்திக்காதவரை ஒரே குறியைப் பல இடத்தில் வழங்கலாம்; குழப்பம் எழாது.

அலைத்தடத்துக்கும் இதுவே விதி. இரு நிலையங்கள் ஒன்றையொன்று கேளாவிடில், அவை ஒரே தடத்தை வைத்துக்கொள்ளலாம். தொலைவு மட்டும் இதனைத் தீர்மானிப்பதில்லை. பூச்சோங்குக்கும் ஸ்ரீ கெம்பாங்கானுக்கும் இடையே ஆயர் ஈத்தாம் வனக்காப்பகம் ஏறத்தாழ 1,200 ஹெக்டேர் பரப்பில் குன்றும் காடுமாய் நிற்கிறது. மேற்கில் ஒரு தாழ்ந்த கூரையும் கிழக்கில் ஒரு தாழ்ந்த கூரையும் வரைபடத்தில் அருகருகே இருந்தாலும், குன்று தடுப்பதால் ஒன்றையொன்று கேளா. இருவருக்கும் 6ஆம் தடத்தைத் தரலாம். மாறாக, முப்பதாவது மாடியில் ஒரு நிலையத்தை வைத்தால் அது இருபுறத்தையும் கேட்கும்; பங்கீடு குலைந்துவிடும். எழுத்திலும் இத்தகைய விருந்தாளிகள் உண்டு. 'கோம்பாக்' என்னும் ஊர்ப்பெயரின் முதலெழுத்தை மலாய் ஒலிப்பின்படி அதிர்வொலியாகச் சொல்கிறோம். சூழல் விதி அங்கே உடைகிறது. ஊரறியாதவர் எழுத்தைக் கண்டு தவறாகவே படிப்பர். உயரமான இடம் நல்ல இடம் என்னும் பொதுக்கருத்தை இதனால்தான் நான் ஐயத்துடன் நோக்குகிறேன்.

ஆகவே திட்டமிடுவோர் முதலில் தயாரிக்கவேண்டியது வரைபடம் அன்று, கேட்புப் பட்டியல். எந்தக் கூரைக்கு எந்தக் கூரை கேட்கிறது என்று நேரில் அளந்து எழுதவேண்டும். நடுவில் உள்ள நிலையம் இருபுறத்தையும் கேட்க, ஓரங்களில் உள்ள இரண்டும் தம்முள் கேளாதிருப்பது உண்டு. இருவரும் அமைதி நிலவுவதாக எண்ணி ஒரே வேளையில் நடுவரிடம் பேச, நடுவர் ஒருவர் பேச்சையும் அறியார். மறைகணுச் சிக்கல் எனத்தகும் இதனைக் கிளைன்ராக்கும் டோபாகியும் 1975இலேயே ஆராய்ந்தனர். கேட்புப் பட்டியலில் இவ்விடங்கள் உடனே புலப்படும்.

இனி, கடத்துவதால் வரும் இழப்பு. ஒரே தடமும் ஒரே வானலைக் கருவியும் உள்ள நிலையம் கேட்கும்போது பேசமுடியாது. ஆதலால் இரண்டு தாவலில் வேகம் பாதியாகும். மூன்று தாவலில் மூன்றிலொன்றாகும். பூச்சோங்கிலிருந்து கிள்ளான்வரை ஐந்து கூரைகளைத் தாண்டுவதற்குள் ஒரு முழு நீரோடை சிறு கசிவாகிவிடும். இதனைத் தவிர்க்க, ஒரு கூரையில் இரண்டு மூன்று கருவிகளை வைத்து, ஒவ்வோர் இணைப்பையும் திசைநோக்கும் அலைவாங்கியால் தனித்தனியே அமைப்பர். அப்போதுதான் பங்கீட்டுக் கணக்கு உண்மையில் தொடங்குகிறது.

இக்கணக்கு மனிதர் வாழ்வைத் தொட்ட இடம் ஒன்றைத் தமிழகத்தில் காணலாம். மதுரையில் 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியில் ஒரு கிளை உண்டு. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் அது பார்வை மையங்களை நிறுவியது. மையத்தில் மருத்துவர் இல்லை. பயிற்சிபெற்ற பணிப்பெண் நோயாளியின் கண்ணைச் சோதிப்பார். தேனியிலுள்ள மருத்துவர் காணொளியில் நோயாளியுடன் பேசி முடிவு சொல்வார். கண்புரை உள்ள முதியவர் ஒருவர் ஒருநாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து நகரத்துக்கு வரவேண்டியதில்லை. வராமலே இருந்து பார்வை இழப்பவர்தாம் மிகுதி என்பதால், காணொளி இடையறாது ஓடுவது அங்கே மருத்துவத்தின் ஒரு பகுதி.

அன்று அச்சிற்றூர்களுக்குத் தரமான இணைய இணைப்பு எளிதில் கிட்டவில்லை. கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் எரிக் பிரூவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு, மலிவான வைஃபை கருவிகளைக் கோபுரங்களில் ஏற்றிப் பல கிலோமீட்டர் தொலைவை இணைத்தது. தொடக்கத்தில் வேகம் ஏமாற்றமளித்தது. காரணம் எளியது. வானலை 300 மீட்டரைக் கடக்க ஒரு மைக்ரோநொடி ஆகும். 15 கிலோமீட்டர் போய்வர 100 மைக்ரோநொடி. வீட்டுக்குள் பயன்படவென வடித்த கருவியோ அவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்திராது. செய்தி தொலைந்ததென எண்ணி மீண்டும் மீண்டும் அனுப்பும். மேலும், ஒரே கோபுரத்தில் உள்ள இரண்டு அலைவாங்கிகளில் ஒன்று பேசும்போது, அருகில் இருப்பது தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலைக் கேட்கமுடியாமல் செவிடாகிறது.

இதற்கு ஓர் அரிய தீர்வைக் கான்பூர் ஐஐடியின் பாஸ்கரன் இராமனும் கமேஸ்வரி செப்ரோலுவும் 2005இல் முன்வைத்திருந்தனர். கோபுரத்திலுள்ள அலைவாங்கிகள் அனைத்தும் ஒரே வேளையில் பேசட்டும். பின்னர் அனைத்தும் ஒரே வேளையில் கேட்கட்டும். அவ்வாறாயின் ஒன்று பேசி மற்றொன்றைச் செவிடாக்கும் நிலையே எழாது. எல்லா இணைப்புக்கும் ஒரே தடம் போதும். பெர்க்கிலி குழு இவ்வழியை விரிவாக்கித் தன் மென்பொருளை அமைத்து 2007இல் வெளியிட்டது; பழைய முறையைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு வேகம் கிடைத்ததாக அறிவித்தது.

இத்தீர்வுக்கு ஒரு நிபந்தனை உண்டு. நிலையங்களை இரு அணியாகப் பிரிக்கவேண்டும்; ஓர் அணி பேச மற்ற அணி கேட்கும்; எந்த இணைப்பும் ஒரே அணிக்குள் அமையக்கூடாது. தேனியைப்போல் நடுவிலிருந்து கிளைவிடும் மர வடிவ வலையில் இது எப்போதும் இயலும். முக்கோணத்தில் இயலாது. பண்டார் கின்ராரா, பூச்சோங் ஜெயா, பண்டார் புத்திரி மூன்றையும் ஒன்றோடொன்று இணைப்பதாக வைத்துக்கொள்வோம். முதலது பேச, இரண்டாவது கேட்கும். மூன்றாவது இரண்டுக்கும் எதிரணியில் இருக்கவேண்டுமே, எங்கே நிற்கும்? கண்ணிவலையின் உயிரே இத்தகைய சுற்றுவழிகளில்தான் இருக்கிறது. ஆகவே இரண்டாவது தடம் தேவைப்படுகிறது.

எத்தனை தடம் இருந்தால் எவ்வளவு சிக்கலான வலையையும் சமாளிக்கலாம்? இங்கே நான் மாணவர்களுக்கு ஒலியியல் வழியாக விளக்க விரும்புகிறேன். யாக்கப்சன், ஃபாண்ட், ஹாலே மூவரும் 1952இல் ஒலிகளை இருமைக் கூறுகளாகப் பகுத்தனர். இ, ஈ, உ, ஊ என்னும் நான்கு உயிர்களையும் இரண்டே கூறுகளால் பிரித்துவிடலாம்: நா முன்னா பின்னா, அளவு குறிலா நெடிலா. இப்போது ஒவ்வொரு நிலையத்துக்கும் இந்நான்கில் ஓர் உயிரைப் பெயராகக் கொடுங்கள். நேரே இணைந்த இருவருக்கு ஒரே உயிர் வரலாகாது. பின்னர் இணைப்புகளுக்குத் தடம் கொடுங்கள். முன்னுயிரையும் பின்னுயிரையும் இணைப்பது 1ஆம் தடம். இருபுறமும் முன்னுயிரோ இருபுறமும் பின்னுயிரோ ஆனால் 11ஆம் தடம். அவை குறில் நெடிலால் வேறுபட்டே தீரும். 1ஆம் தடத்தில் முன்னுயிர்கள் பேசும்போது பின்னுயிர்கள் கேட்கும். 11ஆம் தடத்தில் குறில்கள் பேசும்போது நெடில்கள் கேட்கும்.

நம் முக்கோணத்தில் கின்ராரா இ, பூச்சோங் ஜெயா உ, பண்டார் புத்திரி ஈ என வைப்போம். இ–உ 1ஆம் தடம். உ–ஈ 1ஆம் தடம். இ–ஈ 11ஆம் தடம். புத்ரா ஹைட்ஸை நான்காவதாகச் சேர்த்து மூன்றோடும் இணைத்தாலும் அது ஊ ஆகி அமைதியாகப் பொருந்திவிடுகிறது.

நிலையங்கள் ஐம்பதானால்? அண்டை நாடுகள் ஒரே நிறம் பெறாமல் எந்த வரைபடத்தையும் நான்கு நிறத்தால் தீட்டலாமா என்று ஃபிரான்சிஸ் கத்ரி 1852இல் கேட்டார். ஆம் என்று அப்பெல்லும் ஹேக்கனும் 1976இல் கணினி துணையுடன் நிறுவினர். இணைப்புகள் வரைபடத்தில் ஒன்றையொன்று வெட்டாத வலை எதுவாயினும் நான்கு உயிர் போதும் என்பது அதன் பொருள். நான்கு உயிருக்கு இரண்டு தடம் போதும். இணைப்புகள் வெட்டிக்கொண்டால் மூன்றாவது தடத்தையும் சேர்த்து எட்டுப் பெயர்கள்வரை செல்லலாம். வெட்டாதவாறு அமைத்தால், மீந்த 6ஆம் தடம் வீடுகளுக்குக் கிடைக்கும்.

ஏட்டில் இவ்வளவு அழகாக இருப்பது கூரையில் அப்படியே அமைவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பேசுவதும் கேட்பதும் நேரம் தவறாமல் மாற எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். கடையில் வாங்கும் கருவி தானே இதைச் செய்யாது, மென்பொருளை மாற்றவேண்டும். ஒரு கோபுரத்திலிருந்து புறப்படும் இணைப்புகளுக்கிடையே போதிய கோண இடைவெளி தேவை. இன்று முதுகெலும்பு இணைப்புகளை நெரிசல் குறைந்த 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குக் கொண்டுபோவதே வழக்கம். அங்கே ஒன்றையொன்று இடிக்காத தடங்கள் கூடுதல்; ஆனால் அவற்றுட் சிலவற்றில் வானிலை ரேடார் முதலியவை குடியிருப்பதால், ரேடாரைக் கேட்டவுடன் கருவி விலகிக்கொள்ள வேண்டும்.

மழையைப் பற்றி நம்மவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இடிமழை தொடங்கியதும் ஆஸ்ட்ரோ படம் மறைகிறதே, இதுவும் மறையாதா? செயற்கைக்கோள் ஒளிபரப்பு 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது. அவ்வலைகளை மழைத்துளிகள் பெரிதும் விழுங்குகின்றன. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு நம் குறுந்தொலைவுகளில் மழையால் பெரிய இழப்பில்லை. நனைந்த மரக்கிளை குறுக்கே நின்றால்தான் இழப்பு. தேனியில் வலையை அடிக்கடி முடக்கியதும் அலைக்குறுக்கீடு அன்று. சீரற்ற மின்னழுத்தம் கருவிகளைக் கெடுத்ததே பெருந்தொல்லை எனப் பெர்க்கிலி குழுவே 2008இல் எழுதியது. உள்ளூர்ப் பணியாளர் பழுதைத் தாமே இனங்கண்டு நீக்கப் பழகிய பின்னரே வலை நிலைத்தது. அப்பழக்கம் உள்ளூர் மொழியில்தான் வரும். "எந்தத் தடம், எந்தப் பட்டை, எந்தக் கணு" என்று தொலைபேசியில் கேட்கும்போது மறுமுனையில் இருப்பவர் ஒரே பொருளைக் கொள்ளவேண்டும்.

இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இதனை ஒரு வாரப் பயிற்சியாகச் செய்யலாம். பள்ளியைச் சுற்றி ஏழெட்டு இடங்களில் நின்று கைப்பேசிச் செயலியால் அளந்து, தாளில் நான்கு பத்தி இடவேண்டும்: நின்ற இடம், கேட்ட நிலையம், அதன் தடம், கேட்ட வலிமை. வலிமை எதிர்மறை எண்ணில் வரும். கழித்தல் 50 என்பது கழித்தல் 80ஐவிட உரத்த குரல் என்பதை ஆசிரியர் முன்னரே சொல்லிவிட வேண்டும். பின்னர் அத்தாளைக் கொண்டு கேட்புப் பட்டியல் வரைந்து, இ, ஈ, உ, ஊ எனப் பெயரிட்டுத் தடம் பிரிக்கலாம். மூன்றாவது பத்தியில் 1, 6, 11 அல்லாத எண்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பார்த்து, அவ்வீட்டாரை அணுகி மாற்றச் சொல்வது அடுத்த வாரத்துக்கான வேலை.